மணம்–மனம், கரை–கறை: குழம்பாமல் எழுத விதி உண்டா?

தேர்வர்4: குரூப் 4 பொதுத்தமிழுக்கு ஒலி வேறுபாட்டுச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் இரண்டே நாளில் எல்லாம் கலந்துவிடுகிறது. பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன. விதி ஏதாவது இருக்கிறதா? இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் வைக்கச் சொன்னால் எப்படி அமைப்பது?

மூன்றுசுழி: ன, ண, ந மூன்றுக்கும் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று சுழி ண டண்ணகரம், இரண்டு சுழி ன றன்னகரம், ந தந்நகரம். ட-வுக்கு முன்னால் ண் (வண்டி, நண்டு), ற-வுக்கு முன்னால் ன் (கன்று, தென்றல்), த-வுக்கு முன்னால் ந் (பந்து). 'கண்று', 'நன்டு' என்பவற்றுக்குத் தமிழில் இடமே இல்லை. ஆனால் மணம்–மனம், பணி–பனி மாதிரி உயிர்மெய்யாக வந்தால் இது உதவாது. பொருளோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஒற்றுப்பிழை: ல், ள், ழ் வினையின் கடைசியில் வந்தால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். கொல்–கொன்றான், கொள்–கொண்டான், வாழ்–வாழ்ந்தான். ல் எப்போதும் ன, ற பக்கம் சாயும். ள் ண, ட பக்கம் போகும். ழ் அப்படியே நிற்கும். பெயர்ச்சொல்லுக்கும் இதே கதைதான்: தோல்+பாவை தோற்பாவை, முள்+செடி முட்செடி.

ர், ற் விஷயத்தில் அதிகம் பார்க்கும் பிழை 'முயற்ச்சி', 'பயிற்ச்சி'. ற் வல்லினம், அதன் பின்னால் இன்னொரு வல்லின ஒற்று வராது. அதனால் முயற்சி, பயிற்சி. ர் இடையினம் என்பதால் வளர்ச்சி, அதிர்ச்சி சரி.

மூன்றுசுழி: வாக்கியத்துக்கு என் சோதனை: இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போடுங்கள். அப்போதும் பொருள் வந்தால் அந்த வாக்கியம் தேறாது. 'இது கரை, அது கறை' என்று எழுதுவது வெறும் ஏமாற்று வேலை. 'ஆற்றங்கரையில் உட்கார்ந்து வேட்டியில் இருந்த வாழைக்கறையைத் தேய்த்தான்' என்றால் மாற்றிப் போட வழியில்லை.

தேர்வர்4: 'அறையில் அரை மணி நேரம் காத்திருந்தான்' தேறுமா?

ஒற்றுப்பிழை: தாராளமாக. ஆனால் இந்த இரண்டும் வினையாகவும் வரும், அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாவை அரைத்தாள், கன்னத்தில் அறைந்தாள். இந்த இரண்டு வினையில் மட்டும் 'த்த்' வந்தால் சின்ன ர, 'ந்த்' வந்தால் பெரிய ற. 'மாவை அறைத்தாள்' என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. அரை என்றால் இடுப்பு என்றும் பொருள் உண்டு. அரைஞாண் கயிற்றில் இருப்பது அதுதான்.