சந்தேகம்: காஸ் எக்ஸ் + காஸ் √2எக்ஸ் காலமுறைச் சார்பா? (அதாவது, ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை அப்படியே திரும்ப வருமா? அந்த இடைவெளிதான் பீரியட்.)

குடியாத்தம் பிளஸ் ஒன்:
டியூஷன் டெஸ்டில் வந்த கேள்வி இது. போனில் வரைந்து பார்த்தேன். எக்ஸ் 0 இருக்கும்போது உயரம் 2. 75.4 பக்கம் போனால் அதே மேடு, அதே பள்ளம் மறுபடி வருகிறது. அதனால் 'ஆம், பீரியட் 24 பை' என்று எழுதினேன். பூஜ்யம் போட்டுவிட்டார்கள். விடையில் 'அல்ல' என்று மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. யாராவது விளக்குங்களேன்.

பாகாயம் பையன்:
முதலாவதின் பீரியட் 2பை, அடுத்ததற்கு √2பை. புது பஸ் ஸ்டாண்டில் காட்பாடிக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், ஆற்காட்டுக்கு 18 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 36 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து கிளம்பும். இங்கே அப்படி ஒரு மீ.சி.ம. (இரண்டுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு) கிடையாது. அவ்வளவுதான்.

காட்பாடி வாத்தியார்:
அவ்வளவுதான் இல்லை. மீ.சி.ம. விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சைன்² எக்ஸ், காஸ்² எக்ஸ் இரண்டுக்கும் பீரியட் பை. கூட்டினால் 1, அதற்கு மிகச்சிறிய பீரியடே கிடையாது.

தம்பி, காஸ் 1-ஐத் தாண்டாது. ஆகவே கூட்டல் 2 ஆக வேண்டுமானால் இரண்டுமே 1 ஆக வேண்டும். பீரியட் ப என்று வைத்துக்கொள். 0-இல் 2 என்றால் ப-விலும் 2 வந்தாகணும். அப்போது ப, √2ப இரண்டுமே 2பை-யின் முழு மடங்குகள். வகுத்துப் பார், √2 விகிதமுறு எண்ணாகிவிடும், அதாவது முழு எண்களின் பின்னமாகிவிடும். நடக்காது.

24பை-யில் நிஜ மதிப்பு 1.983. √2-க்கு 17/12 நெருக்கமான பின்னம், அதனால்தான் உன் கண் ஏமாந்தது. 58பை-யில் 1.997. கிட்டே வரும், தொடாது.

குடியாத்தம் பிளஸ் ஒன்:
சார், போனில் 1.414 என்றுதான் கொடுத்தேன்.

காட்பாடி வாத்தியார்:
அப்போ நீ வரைந்ததே வேறு சார்பு! 1.414 என்பது 707/500. அது காலமுறைச் சார்புதான், ஆனால் பீரியட் 1000பை. உன் 24பை-க்கு அப்பவும் மார்க் இல்லை.

ஆம்பூர் அக்கா:
இப்படி 'கிட்டத்தட்ட' திரும்பும் சார்புகளுக்கென்றே 1920-களில் ஹரால்ட் போர் ஒரு கோட்பாடு எழுதினார். நீல்ஸ் போரின் தம்பி. 1908 ஒலிம்பிக்கில் டென்மார்க் கால்பந்து அணியில் ஆடி வெள்ளி வாங்கியவர். சிலபஸில் வராது, பயப்படாதே.

குடியாத்தம் பிளஸ் ஒன்:
சரி சார், காஸுக்குப் பதில் இரண்டுமே சைன் என்றால்? 0-இல் 0 தானே, அந்த 2 உதவாதே.

காட்பாடி வாத்தியார்:
நல்ல கேள்வி. இரண்டு முறை வகையிட்டு, பழைய சார்போடு கூட்டு. சைன் √2எக்ஸ் மட்டும் மைனஸோடு மிஞ்சும், அதற்கும் அதே ப பீரியட் ஆகணும். மீதியை நீயே போட்டு இங்கே எழுது.