ட்ரக் பெட்டில் ஏடிவி, பின்னால் கேம்பர்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சேலத்தான்_டென்வர்:

ஜூன் கடைசியில் டென்வரிலிருந்து யூட்டா மாநிலத்து மோவாப் போனோம். மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் ராத்திரியில் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹாஃப்-டன் பிக்கப் ட்ரக், நான்கு கதவு, ஐந்தரை அடி பெட், அதாவது பின்னாலுள்ள திறந்த சாமான் தொட்டி. பெட்டில் ஏடிவி என்கிற நாலு சக்கர மோட்டார் பைக், டெயில்கேட் (தொட்டியின் பின்கதவு) திறந்தபடி. பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடான கேம்பர், சாமான் ஏற்றி 7,300 பவுண்டு. ட்ரக் வாங்கும்போது 11,000 பவுண்டு இழுக்கும் என்றார்கள். அப்புறம் என்ன கவலை என்று நானும் இருந்துவிட்டேன்.

ஐ-70இல் ஐசன்ஹவர் சுரங்கம் வரை முக்கி முனகி ஏறிவிட்டது. 11,158 அடி உயரம், அதனால் வேகம் குறைந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கு வாயிலைத் தாண்டியதும் சில்வர்த்தோர்ன் வரை ஒரே இறக்கம். அங்கேதான் ஸ்டியரிங் கையில் கனமே இல்லாமல் போனது. திருப்பினால் ஒரு கணம் கழித்துத்தான் ட்ரக் திரும்புகிறது. இடப்பக்கம் ஒரு பெரிய செமி லாரி கடந்தது. கேம்பர் முதலில் வெளியே தள்ளப்பட்டு, பிறகு அதன் பக்கமே இழுபட்டது. பெரியவள் ஜன்னல் வழியாகக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அப்பா, பின்னாடி வீடு ஆடுது" என்றாள். பயந்து சொல்லவில்லை, ஏதோ வேடிக்கை பார்ப்பதுபோலச் சொன்னாள். அந்தக் குரல்தான் எனக்குப் போகவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் வழியில் ஒரு ட்ரக் ஸ்டாப்பில் எடை போட்டேன். பின் அச்சு 4,720 பவுண்டு. கதவு ஓரத்தில் எழுதியிருந்த வரம்பு 4,050.

அப்போதுதான் ஓட்டுநர் பக்கக் கதவுத்தூணில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரை முதன்முதலாக ஒழுங்காகப் படித்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,480 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று போட்டிருக்கிறது. நாங்கள் நான்கு பேர் 490. ஏடிவி, பெட்ரோலும் வின்ச்சும் சேர்த்து 800. கேம்பரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் மேல் அது அழுத்தும் எடை, டங் வெயிட், 950. ஹிட்ச் மட்டும் 100. கூலர், டூல்ஸ், விறகு 160. மொத்தம் 2,500. ஆயிரம் பவுண்டு அதிகமாக ஏற்றிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு அந்த மலையில் இறங்கியிருக்கிறேன்.

இப்போது வேறு ட்ரக் பார்க்கிறேன். இதே ஏடிவி, இதே கேம்பர். இப்படி ஏற்றிக்கொண்டு போனவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

நெல்லை_ஃபீனிக்ஸ்:

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. நல்லபடியாக இறங்கினீர்களே, அது போதும்.

என் கதை டீலர் வாசலில் நடந்தது. ஜூலை மாத ஃபீனிக்ஸ், வெயில் எப்படி என்று சொல்ல வேண்டாம். டீசல்தான் வேண்டும் என்று முடிவு செய்து, ஹாஃப்-டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் ட்ரக் ஒன்றுக்கு முன்பணம் கொடுக்கிற நிலையில் இருந்தேன். தோல் சீட், கூரையில் முழுக் கண்ணாடி, எல்லாம் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் கதவைத் திறந்து குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 1,970. ஹாஃப்-டன்னை விட ஐந்நூறுதான் கூடுதல்! நம்ப முடியாமல் அதே வரிசையில் நின்ற அடுத்த ட்ரக்கைத் திறக்கச் சொன்னேன். அதே உடல், அதே ஃபிரேம், ஆனால் பெட்ரோல் எஞ்சின், துணி சீட், கூரைக் கண்ணாடி இல்லை. 3,010. கதவு விளிம்பு தோசைக்கல் மாதிரி சுட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒன்பது வண்டிகளின் கதவைத் திறந்து பார்த்தேன். ஒன்பதிலும் ஒன்பது வெவ்வேறு எண்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. பல முக்கால் டன் ட்ரக்குகளில் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டில் நிறுத்திவிடுகிறார்கள். டீசல் எஞ்சினே பல நூறு பவுண்டு கூடுதல் எடை, அது நேராகப் பேலோடிலிருந்துதான், அதாவது ட்ரக் சுமக்கக்கூடிய எடையிலிருந்துதான், கழிகிறது. அதே டீசலை ஒரு டன் ட்ரக்கில் எடுத்தால் வரம்பே மேலே போய்விடும்.

இழுக்கும் திறன் என்று விளம்பரத்தில் போடுவது பொய் இல்லை. எஸ்ஏஇ ஜே2807 என்ற விதிப்படி சோதித்துத்தான் போடுகிறார்கள். அந்த விதியின் ஏற்றச் சோதனைக்கு அடிப்படை எங்கள் அரிசோனா மலைதான். புல்ஹெட் சிட்டி பக்கத்திலிருந்து மாநிலச் சாலை 68இல் ஏறும் டேவிஸ் டேம் ஏற்றம், 11.4 மைல். ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் உள்ளே உட்கார்ந்திருப்பது 150 பவுண்டு ஆட்கள் இரண்டே பேர். பெட்டில் ஏடிவி கிடையாது, பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது. உங்கள் 11,000 அங்கேதான் கரைந்துபோனது.

நான் கடைசியில் எடுத்தது அந்தத் துணி சீட் வண்டியைத்தான்.

ஹூஸ்டன்_மதுரைக்காரன்:

மன்னிக்கவும், மேலே இருக்கும் இருவரும் மக்களை ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஹாஃப்-டன்தான். பின் ஸ்பிரிங்கில் காற்றடைத்துத் தூக்கிப் பிடிக்கும் ஏர்பேக் போட்டேன், ட்ரக் தராசு மாதிரி சமமாக நிற்கிறது. ஆறு வருடமாக அதே ஏடிவி, அதே அளவு கேம்பர். ஹூஸ்டனிலிருந்து கடற்கரை வரை எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன். ஒரே ஒரு தடவை கால்வெஸ்டன் பாலத்தில் காற்று அடித்து ஒரு லேன் தள்ளிப் போனேன். அன்று மனைவி என் தோளைப் பிடித்த பிடி இன்னும் தோளில் இருக்கிறது. மற்றபடி பிரச்சினை இல்லை.

முக்கால் டன், ஒரு டன் என்றால் விலை, இன்சூரன்ஸ், டயர் எல்லாமே ஏறும். மீதி 340 நாளும் அதை அலுவலகத்துக்கு ஓட்ட வேண்டும், பார்க்கிங்கில் நுழைக்க வேண்டும். முதலில் ஏர்பேக் போட்டுப் பாருங்கள், ஆட்டத்தை அடக்கும் நல்ல ஸ்வே கன்ட்ரோல் ஹிட்ச் மாட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். 40 கேலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல். அதைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். டயரைக் கூடுதல் சுமை தாங்கும் லோட் ரேஞ்ச் ஈ வகைக்கு மாற்றுங்கள். இத்தனையும் செய்து பார்த்த பிறகு புது ட்ரக்கைப் பற்றி யோசிக்கலாமே.

பாலைவனப்பயணி:

மதுரைக்காரரே, தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரி. ஏர்பேக் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் அதே வழியில் போனவன்.

ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும். ஆனால் அச்சு அதே அச்சு, பேரிங் அதே பேரிங், பிரேக் அதே பிரேக். முன்சக்கரத்திலிருந்து போன எடையையும் அது திருப்பித் தராது. அதைச் செய்வது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சின் கம்பிகள் மட்டும்தான். சேலத்தானுக்கு ஸ்டியரிங் கனமில்லாமல் போனதற்குக் காரணம் அந்த இழந்த எடைதான். ஏர்பேக் போட்டிருந்தால் ட்ரக் சமமாக நின்றிருக்கும், ஸ்டியரிங் அப்படியேதான் இருந்திருக்கும். கால்வெஸ்டன் வரை எல்லாம் தட்டை நிலம். அங்கே ஓடியது மலையிலும் ஓடும் என்று இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சொல்லாதீர்கள் ஐயா.

எனக்கு நடந்தது எல் பாசோவைத் தாண்டி ஐ-10இல். கேம்பரின் வலது பின் டயர் வெடித்தது. டயரின் தோல் உரிந்து சுழன்று சுழன்று அடித்ததில் சக்கரத்துக்கு மேலிருந்த தகடு கிழிந்து, உள்ளே சமையலறை அலமாரி வரைக்கும் ஓட்டை. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், சாம்பார்ப் பொடி டப்பா உடைந்து சாலையோரம் பத்தடிக்குச் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கிறது. அம்மா ஊரிலிருந்து அரைத்து அனுப்பியது. 100 டிகிரி வெயிலில் ட்ரக்குகள் பறக்கும் ரோட்டோரத்தில் அந்த வாசனை. அதை மறக்க முடியவில்லை.

பல ட்ரெய்லர் டயர்களுக்கு மணிக்கு 65 மைல்தான் வரம்பு. நான் 75இல் போய்க்கொண்டிருந்தேன். ட்ரக் அசையாமல் ஓடியதால் வேகமே தெரியவில்லை.

யாழ்_ஸ்காபரோ:

வணக்கம் உறவுகளே. இங்கே எல்லாரும் எடையைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். என் பிரச்சினை நீளம்.

எனக்கும் ஐந்தரை அடிப் பெட். ஏடிவி ஏழடி. டெயில்கேட் திறந்துதான் கிடக்கும். ஹாலிபர்ட்டன் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு பெற்றோல் நிலையத்தில் வளைத்துத் திருப்பினேன். கேம்பரின் முன்னால் முட்டுக்கொடுக்கும் ஜாக் டெயில்கேட்டின் மூலையில் போய்க் குத்தியது. நேராகப் போகும்போது ஒரு முழம் இடைவெளி இருந்தது. திருப்பத்தில் அது இல்லாமலே போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் மனத்தை அரிப்பது அது இல்லை. அன்று காலை ஏற்றும்போது நடந்தது. இரண்டு அலுமினிய ராம்ப்களை டெயில்கேட்டில் சாய்த்து வைத்து ஏறினேன். முன் சக்கரங்கள் பெட்டுக்குள் போய்விட்டன. பின் சக்கரம் ராம்பில் பிடித்துத் தள்ளியபோது, ராம்ப் பின்னுக்கு வழுக்கி விழுந்தது. ஏடிவி அப்படியே தொங்கியது. பின்னால் என் மாமா நின்றுகொண்டிருந்தார், எழுபது வயது. "மெதுவா, மெதுவா" என்று கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தவர். ராம்ப் அவர் காலடியில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி.

ராம்பை ட்ரக்கோடு பட்டியால் இழுத்துக் கட்ட வேண்டும். பட்டி ராம்போடேயே வந்திருந்தது. பைக்குள் இருந்து எடுக்கவே இல்லை நான். இப்போது கட்டாமல் ஏற மாட்டேன், பின்னால் ஒரு சீவனையும் நிற்க விட மாட்டேன்.

தம்பி, எந்த ட்ரக் எடுத்தாலும் எட்டடிப் பெட் எடுங்கோ. டெயில்கேட் மூடும், ஜாக்கிலும் இடிக்காது.

கடலூர்_சாண்டியேகோ:

எல்லாரும் ட்ரக்கையே மாற்றச் சொல்கிறீர்கள். ஏடிவியைப் பெட்டில்தான் ஏற்ற வேண்டும் என்று யார் சொன்னது?

முதலில் என் கதை. இம்பீரியல் மணல்மேடுகளில் நவம்பர் இரவு. அங்கே ஓடும் வண்டிகளில் உயரமாக ஒரு கொடி கட்டியிருக்கும். மேட்டின் உச்சியில் எதிரே ஒரு கொடியின் விளக்கு மட்டும் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. ஒதுங்கினேன். அடுத்த நொடி நான் நின்ற இடத்தில் ஒரு பக்கி, மணலில் ஓட்டும் வண்டி, பறந்து வந்து இறங்கியது. அந்தக் கொடி இல்லாவிட்டால் நான் இன்று இல்லை. அவ்வளவுதான் கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு ஏடிவி, நாளைக்கு பிள்ளைகள் வளர்ந்ததும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சைடு-பை-சைடு வண்டி கேட்பார்கள். போலாரிஸ் ஆர்இசட்ஆர் எக்ஸ்பி 1000 அகலம் 64 அங்குலம். முழு அளவு ட்ரக் எதிலும் பெட்டில் சக்கர மேடுகளுக்கு நடுவே சுமார் 50 அங்குலம்தான். உள்ளே இறங்கவே இறங்காது. அப்போது ஒரு டன் ட்ரக் எட்டடிப் பெட் இருந்தும் பயன் இல்லை. அதனால் டாய் ஹாலர் பாருங்கள். அதுவும் கேம்பர்தான், பின்பக்கம் கராஜ், கதவே சாய்தளமாக இறங்கும்.

ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, விற்பவர்கள் சொல்வதில்லை. கராஜ் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. வண்டியை ஏற்றினால் பின்பக்கம் அழுந்தி, முன்னால் டங் வெயிட் குறையும். அதை ஈடுகட்டத்தான் காலியாக இருக்கும்போது டங் வெயிட் அதிகமாக இருக்கும்படி கட்டுகிறார்கள். ஆகவே ட்ரக்குக்கு அதிகச் சுமை கராஜ் காலியாக இருக்கும்போதுதான். ஆட்டம் அதிகம் கராஜ் நிறைந்திருக்கும்போது. இரண்டையும் தனித்தனியாக எடை போட வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ஆடத் தொடங்கும். பெட்டுக்குள்ளேயே மாட்டும் ஐந்தாம் சக்கர வகை என்றால் 15 முதல் 25 சதவீதம், அது பின் அச்சுக்கு நேர் மேலேயே உட்காரும், ஓட்டுவதற்குப் பட்டு மாதிரி. ஆனால் அது பெட்டை அடைத்துக்கொள்ளும், பேலோடையும் விழுங்கும்.

கேம்பரைப் பெட்டின் மேல் உட்கார வைத்து, ஏடிவியைச் சின்ன ட்ரெய்லரில் இழுப்பவர்களும் உண்டு. இரண்டு ட்ரெய்லர்களை ரயில் மாதிரி இழுப்பதைச் சில மாநிலங்கள் அனுமதிக்கும், சில மாநிலங்கள் அனுமதிக்காது. கலிஃபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55 மைல்தான் வேகம், அதையும் மனதில் வையுங்கள்.

நெல்லை_ஃபீனிக்ஸ்:

கடலூராரே, அவரிடம் கேம்பர் ஏற்கனவே இருக்கிறது. அதை விற்றுவிட்டு டாய் ஹாலர் வாங்கச் சொல்வது ட்ரக்கை மாற்றுவதைவிடப் பெரிய செலவு இல்லையா?

கடலூர்_சாண்டியேகோ:

அதை அவர் சொல்லட்டும்.

சேலத்தான்_டென்வர்:

அனைவருக்கும் நன்றி. மாமா நின்ற இடத்தைப் படித்துவிட்டு, கராஜுக்குப் போய் ராம்ப் பையைத் திறந்தேன். பட்டிகள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருக்கின்றன.

கேம்பரை விற்க மனமில்லை. சின்னவள் அதன் மேல்படுக்கையில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். டீலரிடம் போய் நெல்லைத் தம்பி சொன்னபடி கதவு கதவாகத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் எஞ்சின், ஒரு டன், எட்டடிப் பெட், ஸ்டிக்கரில் 3,840. என் 2,500 போக மிச்சம் இருக்கிறது. மதுரைக்காரர் சொன்ன செலவு உண்மைதான், டயர் விலையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன்.

ஒரே ஒரு சிக்கல். அந்த ட்ரக் 22 அடிக்கு மேல் நீளம். நேற்று இரவு டேப்பை எடுத்து கராஜை அளந்தோம், பெரியவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். 20 அடி 4 அங்குலம். டென்வர் பனியில் வெளியிலேயேதான் நிற்கும். சனிக்கிழமை போய் ஓட்டிப் பார்க்கப் போகிறேன், கேம்பரையும் கொண்டுபோய் மாட்டித்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்றிருக்கிறார்கள்.