ஹார்மோனிகாவின் 2-ஆம் துளையில் மூச்சை இழுத்தால் ஒலி திணறுகிறது, 3-இல் பெண்ட் நிற்பதில்லை

புதுக்காற்று:
பத்துத் துளை டயட்டானிக் ஹார்மோனிகா, சி கீ (சி மேஜர் ஸ்வரங்களுக்கு அமைந்த வகை). 1, 4, 6 துளைகளில் இழுத்தால் சுத்தமாகப் பேசுகிறது. 2-இல் மட்டும் அடைத்துக்கொண்டு கம்முகிறது, சில நேரம் ஒலியே இல்லை. 3-இல் பெண்ட் செய்தால் (சுருதியை வளைத்து இறக்கினால்) ஒரேயடியாகக் கீழே விழுகிறது. ரீட் (அதிர்ந்து ஒலி தரும் உலோக நாக்கு) பழுதா, வாய்ப் பழக்கமா?

பத்துத்துளை:
1, 2, 3 மூன்றையும் சேர்த்து, தூங்குகிறவர் மூச்சு போல மெல்ல இழுங்கள். இழுப்பை நிறுத்தாமலே உதட்டைக் குவித்து 2-க்கு மட்டும் வாருங்கள். குவிக்கக் குவிக்க ஒலி தேய்ந்தால் ரீட் மேல் தவறில்லை. தாடை இறுகி, நாக்கின் பின்பக்கம் எழும்பி, உங்களை அறியாமலே பெண்ட் செய்கிறீர்கள். ஒலி வரவில்லையே என்று பலமாக உறிஞ்சினால் இன்னும் மோசமாகும். வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து, நாக்கைத் தாழ்த்தி, வயிற்றிலிருந்து இழுங்கள். மூக்கில் காற்று போகக் கூடாது.

சரிபார்க்க 3-ஐ ஊதுங்கள். 2-இன் இழுப்பும் 3-இன் ஊதலும் ஒரே ஜி ஸ்வரம். இழுப்பு தாழ்ந்து கேட்டால் இறுக்கம் இன்னும் போகவில்லை.

3-ஆம் துளையில் இழுத்தால் பி, ஊதினால் ஜி. நடுவில் பி ஃபிளாட் (பியை விட அரை ஸ்வரம் தாழ்ந்தது), ஏ, ஏ ஃபிளாட் என்று மூன்று படிகள். 4-இல் ஒரே படிதான், அதனால்தான் அது எளிது. 3-இல் ‘ஈ’யிலிருந்து ‘ஊ’வுக்கு நாக்கு பின்வாங்கும் தூரம் படிக்குப் படி மாறும். ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) முன்னால் வைத்து முதலில் அடிவரை இறக்குங்கள். ஏ ஃபிளாட்டில் நான்கு எண்ணும்வரை பிடித்து, அங்கிருந்து ஏவுக்கு ஏறி நில்லுங்கள், பிறகு பி ஃபிளாட். கீழிருந்து ஏறும்போதுதான் பிடி கிடைக்கும்.

ரீட்தட்டு:
மென்மையாக இழுத்தும் 2 பேசாவிட்டால் துளைகள் கீழ்நோக்கியிருக்க உள்ளங்கையில் தட்டுங்கள், எச்சில் தேங்கியிருக்கலாம். அதற்கும் சரியாகாவிட்டால் கீழ் மூடியைக் கழற்றுங்கள். இழுக்கும் ரீட்கள் வெளிப்பக்கம் இருப்பதால் உடனே தெரியும். ரீட்டின் நுனிக்கும் அது பதிந்துள்ள உலோகத் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய நுனியின் தடிமன் அளவு இருக்க வேண்டும். குறைந்தால் பலமாக இழுக்கும்போது அடைபடும், கூடினால் காற்று வீணாகி ஒலி தாமதமாகும். மெல்லிய தகட்டால் ரீட்டை மெதுவாகத் தூக்கியோ அழுத்தியோ திருத்துங்கள், ஒரே தடவையில் வேண்டாம். தயவுசெய்து பக்கவாட்டில் தள்ளிவிடாதீர்கள்: ரீட் தட்டில் உரச ஆரம்பித்தால் கரகரக்கும்.

புதுக்காற்று:
மென்மையாக இழுத்தால் பேசுகிறது, குவித்ததும் போகிறது. அப்படியானால் வாய்தான். ப்ளூஸ் இசைக்கு எந்த பெண்ட் முதலில்?

பத்துத்துளை:
4-இல் உள்ள ஒரே படி, அடுத்து 3-இல் முதல் படி. சி ஹார்ப்பை (ஹார்மோனிகாவை) ஜியில் வாசிப்பதுதான் இரண்டாம் பொசிஷன், 2-இன் இழுப்புதான் அதற்கு வீடு, அதாவது ஆதார சுருதி. ப்ளூஸ் ஏறுவரிசை: 2 இழு, 3 இழு முதல் படி பெண்ட், 4 ஊது, 4 இழு பெண்ட், 4 இழு, 5 இழு, 6 ஊது. பெண்ட் வசப்படும் வரை காத்திருக்க வேண்டாம். 12 பார் (தாள அளவு) கொண்ட ப்ளூஸ் சுற்றில் முதல் நான்கு பாருக்கும் 1–4 துளைகளைச் சேர்த்து இழுங்கள், 5, 6-ஆம் பார்களில் ஊதுங்கள், 7, 8-இல் மறுபடி இழுங்கள். 9-ஆம் பாரில் டி கார்டு (டியில் அமைந்த ஸ்வரக்கூட்டு) வரும். அது இந்த ஹார்ப்பில் முழுதாக இல்லை, 1 அல்லது 4-ஐத் தனியாக இழுத்தால் போதும். 10 ஊது, 11 இழு, 12-இல் திரும்ப டி.