கியர் பாக்ஸைத் திறப்பதற்கு முன்: ஒரு குடும்பக் குழு உரையாடல்

முரளி அண்ணன்: போன மாதம் வாங்கிய பழைய கார் இன்று நடுவழியில் நின்றுவிட்டது. மூன்றாவது கியர் சிக்கிக்கொண்டு நகரவே இல்லை. கியர் பாக்ஸைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நாளைக் காலையில் வேலையைத் தொடங்குகிறார்.

கலா சித்தி: நீ வீட்டுக்கு வந்துவிட்டாயா?

முரளி அண்ணன்: வந்துவிட்டேன் அம்மா. வண்டி மட்டும் அவர் பட்டறையில் நிற்கிறது.

தீபா: அண்ணா, உடனே அவருக்குப் போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது.

பெரியப்பா: ஏனம்மா? வண்டி ஓட வேண்டாமா?

தீபா: ஓட வேண்டும் பெரியப்பா. ஆனால் வழக்கு என்று போனால், இந்தக் கோளாறு விற்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா என்றுதான் முதலில் கேட்பார்கள். நிரூபிக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. கழற்றி மாற்றிவிட்டால் எதைக் காட்டுவது? அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சோதித்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள் அண்ணா. சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணைச் சொல்லி, இருக்கிற பழைய சர்வீஸ் பதிவுகளையும் கேளுங்கள்.

முரளி அண்ணன்: பதிவைக் கேட்டு வாங்கிவிட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு வருடத்துக்கு முன்பே 92,000 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறது. எனக்கு விற்றபோது ஓடோமீட்டரில் 48,000.

செல்வம் மாமா: இது பகல் கொள்ளை!

தீபா: அண்ணா, அப்படியானால் இது வெறும் பழுது வழக்கு இல்லை. பழைய வண்டியில் தேய்மானம் இருக்கத்தான் செய்யும், அதை மட்டும் சொன்னால் நுகர்வோர் ஆணையம் எளிதில் ஏற்காது. ஓட்டத்தைக் குறைத்துக் காட்டியது ஏமாற்று. விற்றது கடைக்காரரா, சொந்தக்காரரா?

முரளி அண்ணன்: கடைக்காரர். ரசீதும் அவர் கடைப் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது "நான் நடுவில் இருந்தவன், பழைய ஓனரைக் கேளுங்கள்" என்கிறார். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்" என்ற தாளில் என் கையெழுத்தும் இருக்கிறதாம்.

தீபா: ரசீது அவர் பெயரில் இருப்பதே நல்லது. இன்னொன்றும் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான பழைய வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பழைய ஓனர் படிவம் 29சி மூலம் வண்டியை அவரிடம் ஒப்படைத்திருந்தால், சட்டத்தின் பார்வையில் அந்த வியாபாரியே உரிமையாளர். நடுவில் இருந்தவன் என்ற பேச்சு அங்கே நிற்காது.

பெரியப்பா: கையெழுத்துப் போட்டுவிட்டானே, அதற்கு என்ன செய்வது?

தீபா: 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, தரம் பற்றி எழுதாமலே உள்ளதாகக் கருதப்படும் நிபந்தனைகளை இரு தரப்பும் ஒப்பந்தத்தில் விலக்கிக்கொள்ளலாம். அந்த அளவுக்கு அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மோசடிக்கு அது கேடயம் ஆகாது. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தை ரத்து செய்ய 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அண்ணா, உண்மை தெரிந்த பிறகும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிடுவார்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

முரளி அண்ணன்: எங்கே போக வேண்டும்? கடை வேறு மாவட்டத்தில் இருக்கிறது.

தீபா: நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி அது. வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. கோளாறு பற்றித் தகராறு வந்தால் ஆணையமே வண்டியை ஆய்வுக்கு அனுப்பலாம். பணத்தைத் திரும்பத் தரவும் இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பெரியப்பா: வருடக்கணக்கில் இழுப்பார்களே.

தீபா: மூன்று மாதம், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், அதை மறைக்க மாட்டேன் பெரியப்பா. அதனால்தான் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியச் சொல்கிறேன். கடைக்காரருக்குப் பதிவு வசதி சேர்த்த ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸும் போக வேண்டும். ஆதாரத்தோடு நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பேச வருகிறவர்கள் பலர்.

செல்வம் மாமா: போலீஸில் ஒரு புகார் கொடுத்தால் வழிக்கு வரமாட்டாரா?

தீபா: கொடுக்கலாம் மாமா. முன்பு 420 என்று சொன்ன குற்றம் இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பணம் வராது. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

செல்வம் மாமா: போன வருடம் தெரிந்தவரிடம் நான் வாங்கிய பைக்குக்கும் இது பொருந்துமா? சேசிஸ் வளைந்திருந்ததை அவர் சொல்லவே இல்லை.

தீபா: அது வேறு வழி மாமா. சொந்த வண்டியை ஒரு முறை விற்பவர் வியாபாரி இல்லை, அதனால் நுகர்வோர் ஆணையம் கை கொடுக்காது. சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், பொதுவாக மூன்று வருடக் கெடு. அங்கே இன்னொரு கடினம், பார்த்தாலே தெரியக்கூடிய குறை என்றால் "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பார்கள். தெரிந்தே மறைத்தார் என்பதற்கு மெசேஜ் ஏதாவது இருக்கிறதா?

செல்வம் மாமா: "விபத்தே ஆகாத வண்டி" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார்.

தீபா: அதை அழித்துவிடாதீர்கள்! போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63இன் சான்றும் சேர்க்க வேண்டும், அதை நான் தயார் செய்கிறேன். முரளி அண்ணா, அந்தக் கடையின் இணைய விளம்பரம் இன்னும் இருந்தால் இன்றே படம் எடுத்து வையுங்கள். நோட்டீஸ் போனதும் அதை எடுத்துவிடுவார்கள்.

முரளி அண்ணன்: இருக்கிறது. 48,000 என்றே போட்டிருக்கிறார்கள். மெக்கானிக்கிடமும் சொல்லிவிட்டேன், வண்டியைத் தொட மாட்டார்.

கலா சித்தி: தீபா, வங்கிக் கடனை ஏன் கட்ட வேண்டும்? ஓடாத வண்டிக்குத் தவணையா? நிறுத்திவிடச் சொல்லட்டுமா?

தீபா: வேண்டாம் சித்தி. கடன் வங்கியோடு செய்த தனி ஒப்பந்தம். நிறுத்தினால் அண்ணன் பெயர்தான் கெடும், வண்டியையும் எடுத்துப் போய்விடுவார்கள், ஆதாரமே கையை விட்டுப் போகும். கட்டிய வட்டியை நஷ்டக் கணக்கில் சேர்த்துக் கேட்போம்.

முரளி அண்ணன்: சரி. ரசீது, அந்தத் தாள், ஆர்.சி., விளம்பரப் படம் எல்லாம் இன்று இரவே அனுப்புகிறேன். 29சி பற்றித் திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிக்கிறேன்.

தீபா: தனியாக எனக்கு அனுப்புங்கள் அண்ணா, குழுவில் வேண்டாம். நோட்டீஸ் வரைவை எழுதத் தொடங்குகிறேன்.