ஹார்ட்நாட் கணவாயில் இரண்டு வண்டிகள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், எஸ்க்டேல் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஹார்ட்நாட் கணவாய்க்கு ஏறும் சாலை சில இடங்களில் மூன்றடிக்கு ஓரடி உயர்கிறது. ஒரு வண்டி போகத்தான் இடம். போன செப்டம்பரில் நானும் நண்பரும் அங்கே போனோம். அவருடைய 1966 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற திறந்த கூரைச் சின்ன கார் என் கையில், கரடுமுரடான பாதைக்கென்றே செய்த பெரிய வண்டியான புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 அவர் கையில். மலைக்கு அப்பால் காக்லி பெக்கில் வண்டியை மாற்றிக்கொண்டு அதே வழியில் திரும்புவதாகப் பேச்சு.

அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில், வண்டி ஓடும்போது முதல் கியர் எளிதில் விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்தி, மறுபடி மிதித்துத்தான் போட வேண்டும். முதல் கொண்டை ஊசி வளைவில் பிந்திவிட்டேன். பற்கள் உரசிய சத்தம் வயிற்றைக் கலக்கியது. அடுத்த வளைவுக்கு வெகு முன்பே போட்டுவிட்டேன், 1798 சி.சி. எஞ்சின் சீராக இழுத்தது. ஏற்றத்தில் நீண்ட பானட் சாலையை மறைத்துவிடும். ஆனால் கூரைதான் இல்லையே! கதவுக்கு மேல் எட்டிப் பார்த்தால் சக்கரமும் தார் விளிம்பும் தெரிந்தன. ஈரப் பெரணியின் வாசம் கூடவே வந்தது.

திரும்பும்போது டிஃபெண்டர். “இறக்கத்தில் பிரேக்கைத் தொடாதீர்கள், அதுவே பார்த்துக்கொள்ளும்” என்றார் நண்பர். அப்படியே நடந்தது. 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, தானே பிரேக் பிடித்து நடை வேகத்தில் இறங்கியது. பானட் மறைத்த தரையைக் கேமரா திரையில் காட்டியது. 90 செ.மீ. ஆழ நீரையும் கடக்கும் வண்டி அது. ஓடையிலும் கற்பாதையிலும் அதற்கு நிகர் அதுதான். ஹார்ட்நாட் சாலையில் இறங்கிக் கடக்க ஓடையும் இல்லை, கற்பாதையும் இல்லை. ஒடுங்கிய தார்ச் சாலை. எதிரே ஒரு கார் ஏறி வந்தது. முன்னால் போன நண்பர், ஒன்றரை மீட்டர் சொச்சமே அகலமுள்ள எம்.ஜி.பி.யைப் புல்லோரமாக நுழைத்துப் போய்விட்டார். கண்ணாடிகளோடு 2 மீட்டரைத் தாண்டும் டிஃபெண்டரை நான் மேட்டில் பின்னோக்கி ஏற்றி ஒதுங்கும் இடம் தேட வேண்டியிருந்தது. கேமரா எல்லாம் இருந்தும் கை வியர்த்தது.

ரோமானியர் கோட்டை அருகே நிறுத்தினோம். ஸ்காஃபெல் மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. எந்தச் சாவி வேண்டும் என்று நண்பர் கேட்டார். எம்.ஜி.பி. சாவியை வாங்கிக்கொண்டேன். மழைக்கு முன் கித்தான் கூரையை இருவருமாக இழுத்து மாட்டினோம்.