ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டருக்குத் தமிழில் என்ன?

வணக்கம். அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். 2022இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் ஆஃபென்ஸ் படுத்துவிட்டதே, அதற்கு எந்தப் பயிற்சியாளர் பொறுப்பு என்பது பற்றியது. பந்தை வைத்திருந்து முன்னேறும் தரப்புதான் ஆஃபென்ஸ். அதை வழிநடத்தும் பயிற்சியாளரான கோஆர்டினேட்டரை 'தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்' என்று எழுதினேன், குண்டுவெடிப்பு வழக்குச் செய்தி மாதிரி இருக்கிறது. உதவுங்கள்.

———

தம்பி, போரைப் பாடும் நம் புறத்திணையில் இல்லாததா? எயில், அதாவது கோட்டை மதில், காத்தல் நொச்சி, அது வளைத்தல் உழிஞை. உழிஞைப் பயிற்றுநர், நொச்சிப் பயிற்றுநர் என்று வையுங்கள். ஆநிரை கவர்வது போல எதிரி வீசிய பந்தை நடுவில் பறித்தால் வெட்சி, ஆநிரை மீட்பது போல தவறவிட்ட பந்தைத் தானே மீட்டால் கரந்தை. ஆட்டம் முழுவதற்கும் சொல் கிடைத்துவிடும்.

———

ஐயா, தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாகவே வைக்கவில்லை, உழிஞைக்குள் அடக்கிவிட்டார். கரந்தையும் வெட்சிக்குள்தான். தனித்தனியாக்கியது பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை. அதை விடுங்கள், நொச்சி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சளிக்கு ஆவி பிடிக்கிற இலைதான் நினைவுக்கு வரும். தாக்குதலாட்டம், தடுப்பாட்டம் என்று கால்பந்துக்கு ஏற்கெனவே எழுதுகிறோம். அதுவே போதும்.

———

நான் இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கிறவன். எல்லோரும் பதவிக்குப் பெயர் தேடுகிறீர்கள், ஆனால் 2022இல் அந்த அணியில் அந்தப் பதவியில் யாருமே இல்லை. அதிலிருந்த ஜோஷ் மெக்டேனியல்ஸ் ரெய்டர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனதும் பேட்ரியட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார். ஆண்டுக்கணக்கில் தடுப்பாட்டத்தைக் கவனித்த மேட் பட்ரீசியா காதில் ஹெட்செட்டும் கையில் திட்டத்தாளுமாக நின்று ஆஃபென்ஸின் ஒவ்வொரு நகர்வையும் சொன்னார். தாளில் அவர் மூத்த ஆலோசகர், முன்வரிசை வீரர்களின் பயிற்சியாளர், அவ்வளவுதான். பந்தை வீசி ஆஃபென்ஸை நடத்தும் வீரரான க்வார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்டவர் ஜோ ஜட்ஜ், அதற்கு முன் நியூயார்க் ஜயன்ட்ஸின் தலைமைப் பயிற்சியாளர். டிசம்பர் 1 அன்று பஃபலோ அணியிடம் 24-10 என்று தோற்ற ஆட்டத்தில் இளம் க்வார்ட்டர்பேக் மேக் ஜோன்ஸ் களத்தோரம் ஆத்திரத்தில் கத்தியது தொலைக்காட்சியிலேயே தெரிந்தது.

பழி எங்கே போகும் என்பதை நம் இலக்கணமே சொல்கிறது. 'கரிகாலன் கட்டிய கல்லணை' என்றால் அவன் கல் சுமக்கவில்லை, அவன் ஏவுதற் கருத்தா. சுமந்து கட்டியவர்கள் இயற்றுதற் கருத்தா. பட்ரீசியா வீரர்களை ஏவியவர், அவரை அங்கே நிறுத்தி ஏவியவர் பெலிச்சிக். ஆகவே நகர்வு சொல்பவருக்கு 'ஆட்ட ஏவுநர்' என்று ஒரு தனிச்சொல் வேண்டும். கட்டுரையில் பதவிப் பெயரையே எல்லா இடத்திலும் போட்டால் பட்ரீசியா தலையில் மொத்தத்தையும் கட்டிவிடுவீர்கள், அது நியாயமில்லை.

———

> ஏவுதற் கருத்தா

கருத்தா வடசொல். வினைமுதல் என்று எழுதினால் என்ன குறை? 'ஏவுநர்' என்றதும் பில்லி, சூனியம், ஏவல் என்று ஊரில் பேசுவதுதான் ஞாபகம் வருகிறது. 'நகர்வுரைப்பவர்' என்று வையுங்களேன்.

———

அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் அம்மா, வர்ணனையாளர் மூச்சு வாங்கிவிடுவார். அப்புறம், பதவி காலியாக இருந்ததுதான் கோளாறு என்பதையும் நான் ஏற்கவில்லை. 2023இல் பில் ஓ'பிரையனை முறைப்படி அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். 2021இல் 17 ஆட்டத்தில் 10 வென்ற அணி, 2022இல் 8, 2023இல் 4. ஆள் போட்ட பிறகும் சரிவு நிற்கவில்லையே. க்வார்ட்டர்பேக்குக்கும் முன்வரிசைக்கும் அதில் பங்கு இல்லையா?

———

அந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்ததும் பெலிச்சிக்தானே!

———

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். 'தாக்குதலாட்டப் பயிற்சியாளர்' என்பதற்கு ஆதரவு அதிகம், அதையே போடுகிறேன். நகர்வு சொல்பவர் 'ஆட்ட ஏவுநர்'. அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை என்று புரிகிறது.

———

உடன்பாடில்லைதான். சூனியத்தை விட்டாலும் ஏவுகணை வந்து நிற்கிறது.

———

உழிஞையைப் பற்றி யாரும் பதிலே சொல்லவில்லை.