புதுப்பிப்பு: பயிற்சி ஆசிரியர்களைக் குடும்பங்களிடம் அனுப்பும்போது

பள்ளிப் பயிற்சி தொடங்கும் முன்பே பயிற்சி ஆசிரியர்கள் மாணவர்களின் குடும்பங்களைச் சந்திக்க வேண்டும் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். ‘போய் என்ன கேட்பது?’ என்றுதான் பலரும் கேட்கிறீர்கள்.

அமெரிக்காவின் டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் செய்துகாட்டியதுதான் அடிப்படை: ஆசிரியர் வீட்டுக்குப் போவது புகார் சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள.

ஒரு குடும்பத்துக்குப் பயிற்சி ஆசிரியர்கள் இருவர் போகட்டும், மொத்தம் மூன்று சந்திப்புகள். ஒருவர் பேச, மற்றவர் குறிப்பெடுக்கட்டும். முதல் சந்திப்பில் நோட்டே வேண்டாம். "உங்கள் பண்பாடு என்ன?" என்று கேட்டால் பண்டிகையும் சாப்பாடும்தான் பதிலாக வரும். "நேற்று காலையிலிருந்து என்னென்ன வேலை? பிள்ளை எதில் ஒத்தாசை செய்யும்?" என்று கேளுங்கள். தையல் வேலை நடக்கும் வீட்டில் அளவு, பின்னம், வீணாகும் துணியின் கணக்கு எல்லாம் தானாக வெளிவரும்.

நோட்டின் இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும், ஊகம் வலப்பக்கம். "அப்பா பேசவில்லை" இடப்பக்கம், "அக்கறை இல்லை" வலப்பக்கம். அடுத்த சந்திப்பில் வலப்பக்க வரிகள் பலவற்றைப் பயிற்சி ஆசிரியர்களே அடித்துவிடுவார்கள். ஒரே சந்திப்போடு நிறுத்தினால் முன்முடிவு இன்னும் இறுகும். அதற்குப் போகாமலே இருக்கலாம்.

மொழி தெரியாத வீட்டில் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கடன், நோய் பற்றிய பேச்செல்லாம் அதன் தலையில் விழும். அந்தச் சமூகத்துப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள், அவருக்கு ஊதியமும் கொடுங்கள். (கல்லூரி பட்ஜெட்டில் இதற்கு மட்டும் இடமே இருக்காது!)

வீட்டில் கற்றுக்கொண்டதை எடுத்துக்காட்டாக வைத்துப் பாடக்குறிப்பு தயாரானதும் அந்தக் குடும்பத்திடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்த எடுத்துக்காட்டை நீக்கிவிடுங்கள், காரணம் கேட்காமல்.